தண்ணீர்க் கேனும் மணல் மூட்டையும்: மெக்சிகோ நாடகங்களை மேடையேற்றுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெக்சிகோவின் இன்றைய அரசியல் நாடகங்களுக்கு உங்கள் ஞாயிறு இணைப்பு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதில் மகிழ்ச்சி. எல்லைச் சுவர், போதைக் கும்பல், கால்பந்து தவிர அந்த நாட்டைப் பற்றி நம் பத்திரிகைகளில் வேறெதுவும் வருவது அபூர்வம். ஆனால் பக்கத்தின் நடுவில் துப்பாக்கியும் மண்டையோடும் வரைந்து வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு ஏதாவது ஒரு குழு இந்த நாடகங்களில் ஒன்றைச் செய்யக் கிளம்பினால், ஒத்திகையின் முதல் நாளே சிவப்புச் சாயம் வாங்க ஆள் அனுப்பிவிடும். நாடகம் அங்கேயே கெட்டுப்போகும்.

இந்த நாடகங்களில் கொலை மேடையில் நடப்பதில்லை. கொலைக்கு முந்தைய தூரமும் சுமையும் வருகின்றன. பிந்தைய எண்ணிக்கையும் பெயர்ப்பட்டியலும் வருகின்றன. நாசூக்குக்காக இப்படிச் செய்யவில்லை. 2006 டிசம்பரில் போதைக் கும்பல்களுக்கு எதிராக அரசு ராணுவத்தைத் தெருவில் இறக்கிய பிறகு, கும்பல்களே பிணத்தைக் காட்சிப்பொருள் ஆக்கின. பாலத்தில் தொங்கவிட்டன, பக்கத்தில் எச்சரிக்கை எழுதிய துணியைக் கட்டின. மலிவுப் பத்திரிகைகள் அதை முதல் பக்கத்தில் போட்டன. காலையில் அதைப் பார்த்துவிட்டு மாலையில் அரங்குக்கு வருகிறவர் முன்னால் ஒரு நடிகர் சாயம் பூசிக்கொண்டு விழுந்தால், அது கும்பல் நடத்திய காட்சியின் இரண்டாம்தர நகல். இதை அங்கே இருக்கும் குழுக்கள் சீக்கிரம் புரிந்துகொண்டன. வேறு கருவிகளைத் தேடிப் போயின. அந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே பழுதாகின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று நினைக்கிறோம்.

உங்கள் கட்டுரையில் இரண்டு வரியில் முடிந்துபோன ‘அமரில்லோ’வை முதலில் எடுத்துக்கொள்கிறோம். ஹோர்ஹே வர்காஸ் நெறியாள்கையில் தெயாத்ரோ லீனெயா தெ சோம்ப்ரா குழு 2009இல் மேடையேற்றியது. டெக்சஸிலுள்ள அமரில்லோ என்ற ஊருக்குக் கிளம்பிய ஒருவன் போய்ச் சேரவில்லை. கதை இவ்வளவுதான். அவனுக்கு ஒரே பெயர் கிடையாது, ஒரே ஊர் கிடையாது. கிளம்பிய எல்லோருமாகவும் இருக்கிறான். பின்னால் மேடையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய சுவர். நடிகர் ஓடி வந்து அதன்மேல் பாய்கிறார், பற்றப் பார்க்கிறார், வழுக்கி விழுகிறார், மறுபடி பாய்கிறார். தரையில் தண்ணீர்க் கேன்கள், மணல். ஊரிலேயே தங்கிவிட்ட பெண்களின் குரல். தொண்டையடியிலிருந்து எழுப்பும் பாட்டு.

தண்ணீர்க் கேனை அலங்காரப் பொருளாக நினைத்துவிடக் கூடாது. நாடகத்தின் கணக்கே அதில்தான் இருக்கிறது. ஒரு கேலன் தண்ணீர் சுமார் 3.8 கிலோ. பாலைவனத்தில் கோடை வெயிலில் நடக்கும் ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் என்று மிகக் குறைத்துப் போட்டாலும், மூன்று நாளுக்குப் பன்னிரண்டு கிலோ. இரண்டு கையிலும் ஒவ்வொரு கேலன்தான் தூக்க முடியும், அது எட்டு கிலோகூட இல்லை. வாசலைத் தாண்டும்போதே கணக்கு உதைக்கிறது. வெள்ளை பிளாஸ்டிக் வெயிலில் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும் என்பதால் எல்லையோர ஊர்களில் கறுப்புக் கேன்களே விற்கிறார்கள். இந்தச் செய்தியை வசனமாகச் சொல்லத் தேவையில்லை. கேனைத் தூக்கும் தோள் சொல்லிவிடும்.

அதனால்தான் கேன்கள் நிரம்பியிருக்க வேண்டும். வெற்றுக் கேனை வைத்து நடித்தால் தோள் இறங்காது, கீழே வைக்கும்போது சத்தம் டொக்கென்று கேட்கும், மூன்றாவது வரிசைக்கே பொய் தெரியும். நம் ஊரில் சட்டென்று கிடைப்பது இருபது லிட்டர் கேன். அது வீட்டு வாசலையும் தண்ணீர் வண்டியையும் நினைவுபடுத்தும், வேண்டாம். கைப்பிடி வைத்த ஐந்து லிட்டர் கேன் கிட்டத்தட்டச் சரியாக வரும். அறுபது கேன் என்றால் 300 கிலோ. பலகை பரப்பிய தற்காலிக மேடையில் ஒரே இடத்தில் குவித்தால் பலகை தொய்யும்; பரப்பி வையுங்கள். கேன் கழுத்தின் மரையில் டேப் சுற்றி மூடியை இறுக்குங்கள். ஒழுகிய தண்ணீர் தேங்குமிடம் பெரும்பாலும் நடிகர் ஓடி வந்து காலை ஊன்றும் இடமாகவே இருக்கும்.

மணலில் இன்னும் தொல்லை அதிகம். காய்ந்த மணல் கன மீட்டருக்குச் சுமார் 1,600 கிலோ. மூட்டையாகத் தொங்கவிட்டுக் கொட்டவைப்பதானால் விளக்குக் கம்பியில் கட்டாதீர்கள், கட்டடத்தின் உத்தரத்தில் தனிக் கயிறு போடுங்கள். எம்-சாண்ட் கூடவே கூடாது: அது உடைத்த கல், முனை கூர்மை, வெறுங்காலைக் கிழிக்கும், கல்மாவும் அதில் அதிகம். ஆற்று மணலோ கடைகளில் கிடைக்கும் வடிகட்டி மணலோ எதுவானாலும் அலசி, காயவைத்து, சலித்தெடுக்க வேண்டும். இந்த வேலையைச் சோம்பலால் விட்ட நிகழ்ச்சியில் முதல் பத்து நிமிடத்திலேயே தூசி எழும்பும். புரொஜெக்டர் ஒளியில் புகைபோலத் தெரியும், வடிகட்டி அடைத்துச் சூடேறும், தொண்டையில் பாடுகிறவர் அடுத்த நாள் பேச முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

சுவருக்குத் துணித் தட்டி போதாது. உடம்பு வந்து மோதும், அதே சுவரில்தான் படமும் விழுகிறது. மேலிருந்து கேமரா தரையைப் பார்க்க, தரையில் கிடக்கும் கேன்களும் மணலும் சுவரில் நிலப்படம்போல எழுகின்றன. சுவர் ஆடினால் பாலைவனமே ஆடும். இரும்புச் சட்டத்தில் ஒட்டுப்பலகை அடித்து, பின்னால் சாய்கால் கொடுத்து, சாய்காலின் மேல் எடை வைக்க வேண்டும். விழுமிடத்தில் ஃபோம் போட்டு மணல் நிறத் துணியால் மூடலாம். இதையெல்லாம் செய்தபின்னும் ஒன்று பிசகலாம். நல்ல உடல்பயிற்சி உள்ள நடிகர் கிடைத்துவிட்டால் பாய்ச்சல் அழகாகிவிடுகிறது, கைதட்டல் விழுகிறது. இந்தப் பாய்ச்சலுக்குக் கைதட்டல் விழுந்தால் அன்றைய நிகழ்ச்சி தோல்வி. எத்தனையாவது முறை என்று பார்வையாளர் எண்ணத் தொடங்கி, பிறகு எண்ணுவதை விட்டு, இவர் நிறுத்தமாட்டாரா என்று நினைக்கும்வரை போக வேண்டும்.

எல்லை தாண்டும் நாடகம் 2009இல் திடீரென்று முளைக்கவில்லை. 1987 ஜூலையில் டெக்சஸின் சியர்ரா பிளாங்காவில், வெளியிலிருந்து பூட்டிய சரக்கு ரயில் பெட்டியைத் திறந்தபோது பதினெட்டுப் பேர் மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள். தரையில் சிறு துளை போட்டு அதில் வாய் வைத்துச் சுவாசித்த ஒருவர் மட்டும் பிழைத்தார். அதை வைத்து ஊகோ சல்செதோ எழுதிய ‘பாடகர்களின் பயணம்’ 1989இல் ஸ்பெயினின் திர்சோ தெ மொலினா பரிசு பெற்றது. அதில் ஒரு விசித்திரமான குறிப்பு: காட்சிகளின் வரிசையை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கலாம். முடிவு தெரிந்த கதையில் யார் எப்போது ஏறினார், யார் ஏறாமல் தப்பினார் என்பது குலுக்கலாகவே இருந்தது, ஆகவே மேடையும் குலுக்கல்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். வழக்கமாக விளக்குக் குறிப்புகளை 1, 2, 3 என்று தொடர்ச்சியாக எழுதுவோம். ஒவ்வொன்றும் முந்தைய நிலையிலிருந்து மாறுவதாக இருக்கும். குலுக்கல் வந்ததும் அது உடையும். ஒவ்வொரு காட்சியும் முழு இருட்டில் தொடங்கி முழு இருட்டில் முடிவதாகத் தனித்தனி அட்டையில் எழுத வேண்டும். எந்த மேடைப் பொருளும் ஒரு காட்சியில் இடம் மாறி அடுத்த காட்சியில் அங்கேயே கிடக்கக் கூடாது. உடை மாற்றம் ஒரு நிமிடத்துக்குமேல் எடுக்கும் பாத்திரத்தை இரண்டு காட்சிகளில் வைத்தால் ஏதாவது ஒரு நாள் அவை அடுத்தடுத்து விழும். இந்தச் சிரமத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நல்ல வரிசையைத் தேர்ந்தெடுத்து நிலையாக்கிவிட்டு, குலுக்குவதுபோல நடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படிச் செய்வதானால் குலுக்கலையே விட்டுவிடுவது நேர்மை.

அடுத்தது மொழி. மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பது எங்கள் கருத்து. விக்டர் ஊகோ ராஸ்கோன் பாந்தாவின் ‘வானத்திலிருந்து விழுந்த பெண்’ உண்மைச் சம்பவம். சிவாவா மலைப்பகுதியின் ராராமுரிப் பழங்குடிப் பெண் ஒருவர் 1983இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிடிபட்டார். அவர் பேசியது யாருக்கும் புரியவில்லை. புரியாததை மனநோய் என்று எழுதி, பன்னிரண்டு ஆண்டுகள் மனநல மருத்துவமனையில் வைத்து மருந்து கொடுத்தார்கள். நாடகத்தில் மூன்று மொழிகள். மருத்துவர்களுக்கு ஆங்கிலம், அவருக்கு ராராமுரி, இடையில் ஸ்பானிஷ். மெக்சிகோ நகரத்துப் பார்வையாளருக்கு ஸ்பானிஷ் மட்டும் பிடிபடும். தன் நாட்டுப் பெண் பேசுவதே தனக்குப் புரியவில்லை என்பதை நாற்காலியில் உட்கார்ந்தபடி உணர்வார். அந்த நாடகத்தின் அடி அங்கேதான் விழுகிறது: அமெரிக்கரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

இதைத் தமிழாக்குவது எப்படி? ஸ்பானிஷ் தமிழாகும், சரி. ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே விட்டால், நம் நகரத்து அரங்கில் பாதிப் பேருக்கு மருத்துவர் பேச்சு சுலபமாகப் புரியும். அவர்கள் அறியாமலே மருத்துவர் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார்கள். இது மூலத்தில் இல்லாத ஒரு விளைவு, கெட்டது என்றும் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்து செய்ய வேண்டும். ராராமுரியைத் திரையில் எழுத்தாக ஓடவிட்டால் நாடகம் அந்த நொடியே முடிந்தது. நடிகை வாய்க்கு வந்த ஒலிகளைப் புனைந்து பேசுவது அதைவிட மோசம், ஏனென்றால் அந்த மருத்துவமனையும் அப்படித்தான் கேட்டது. உண்மையான ராராமுரி வசனங்களைச் சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்து மனப்பாடம் செய்வதுதான் வழி. நடிகைக்குப் பொருள் தெரியும், பார்வையாளருக்குத் தெரியாது. இந்த இடைவெளி இருந்தால்தான் முகம் சரியாக வரும்.

சாரா ஊரிபேயின் ‘அந்திகோனா கொன்சாலெஸ்’ பற்றி உங்கள் கட்டுரை ‘ஒப்பாரி நாடகம்’ என்று எழுதியிருக்கிறது. மறுக்க வேண்டியிருக்கிறது. ஒப்பாரிக்குப் பிணம் வேண்டும். நடுவீட்டில் கிடத்தி, தலைமாட்டில் உட்கார்ந்து பாடுவது அது. பழைய கிரேக்க நாடகத்தில், தீப்ஸ் நகர அரசன் தடுத்தும் சகோதரன் உடலை அடக்கம் செய்தவள் அந்திகோனா; இந்தப் பிரதியின் அந்திகோனா தேடுவதே தம்பி ததேயோவின் உடலை. பாட எதுவும் இன்னும் கிடைக்கவில்லை. 2010 ஆகஸ்டில் தமௌலிபாஸ் மாநிலத்தின் சான் ஃபெர்னாந்தோவில் புலம்பெயர்ந்து சென்றுகொண்டிருந்த 72 பேர், ஆண்கள் 58, பெண்கள் 14, கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு அதே வட்டாரப் புதைகுழிகளிலிருந்து 193 உடல்கள் எடுக்கப்பட்டன. தம்பிகோ ஊர் நடிகை சாந்திரா முன்யோஸ் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்ட இந்தப் பிரதி, 2012இல் மேடைக்கும் அச்சுக்கும் வந்தது. பத்திரிகைச் செய்தி, உறவினர் சாட்சியம், பழைய அந்திகோனாக்களின் வரிகள் எல்லாம் வெட்டி ஒட்டப்பட்டவை. தன்னார்வலர்கள் வாரத்துக்கு ஒருவராக நாடெங்கும் வரும் செய்தித்தாள்களைப் படித்து இறந்தவர்களை எண்ணிப் பதிவுசெய்த ஒரு முயற்சியிலிருந்தும் எடுத்திருக்கிறார்.

ஆகவே இதை உணர்ச்சி பொங்கப் படிக்கக் கூடாது. நாலாவது வரியிலேயே அழத் தொடங்கும் நடிகைக்குப் பிறகு போக இடமில்லை. செய்தி வாசிப்பின் வேகத்தில், எண்ணை முழுமையாகச் சொல்லிப் போக வேண்டும். ‘எழுபதுக்கும் மேற்பட்டோர்’ என்று மொழிபெயர்த்தால் அந்த இரண்டு பேரை யார் தேடுவது? பக்கத்தில் வெற்றிடங்கள் நிறைய இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் அங்கே ஒரு ‘ஐயோ’ போட்டு நிரப்புவதைப் பார்க்கிறோம். அது வெற்றிடமாகவே இருக்க வேண்டியது. ஒத்திகையில் ஒவ்வொரு இடைவெளிக்கும் மூன்று எண்ணிக்கை, ஏழு எண்ணிக்கை என்று தீர்மானித்துப் பிரதியில் குறித்துக்கொள்வது நல்லது. நடிகையின் மனநிலைக்கு விட்டால், அரங்கம் இருமத் தொடங்கும் நாளில் ஏழு மூன்றாகிவிடும்.

கொலையைக் காட்டாத அதே கட்டுப்பாட்டை எல்லையோர ஹுவாரெஸ் நகரத்துப் பெண்கொலைகள் பற்றிய நாடகங்களிலும் பார்க்கலாம். பெர்லா தெ லா ரோசா அந்த நகரத்திலேயே இருந்துகொண்டு 2004இல் செய்த அந்திகோனா, தீப்ஸ் நகரத்தை ஹுவாரெஸாக மாற்றியது. உம்பெர்த்தோ ரோப்லெஸின் ‘மணல் பெண்கள்’ தாய்மாரின் வாக்குமூலங்களையும் வழக்கு விவரங்களையும் அடுக்குகிறது. அந்நகரப் பருத்திக்காட்டில் கிடைத்த பெண்களின் உடல்கள் குறித்த வழக்கில் 2009 நவம்பரில் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் மெக்சிகோ அரசைப் பொறுப்பாளி என்று தீர்த்தபோது, நீதிபதிகள் எழுதியதில் பலவற்றை இந்த மேடைகள் முன்பே சொல்லியிருந்தன.

இடப்பெயர்ச்சி என்றதும் அமெரிக்க எல்லையை மட்டும் நினைப்பது இன்னொரு பிழை. வெராக்ரூஸ் மாநிலத்தில் இருக்க முடியாமல் தலைநகருக்குத் தப்பி வந்த புகைப்படச் செய்தியாளர் ரூபென் எஸ்பினோசா 2015 ஜூலை 31 அன்று நார்வார்த்தே பகுதி வீடொன்றில் சமூகச் செயற்பாட்டாளர் நாதியா வேராவோடும் வேறு மூன்று பெண்களோடும் கொல்லப்பட்டார். நாடகக் கலைஞர் லூயிசா பார்தோ அடுத்த ஆண்டு அதை மேடைக்குக் கொண்டுவந்தபோது தேர்ந்த வடிவம் சொற்பொழிவு. தெற்கு மாநிலமான சியாபாஸில் பெத்ரோனா தெ லா குருஸ் குருஸும் இசபெல் ஹுவாரெஸ் எஸ்பினோசாவும் 1994இல் தொடங்கிய மாயா பழங்குடிப் பெண்கள் குழுவிலோ, இடப்பெயர்ச்சி என்பது கிராமத்திலிருந்து சான் கிறிஸ்தோபல் நகரத்துச் சமையலறை வரை. ஆண் பாத்திரங்களையும் பெண்களே நடிக்கிறார்கள். அடிக்கும் புருஷனின் நடையை அடிவாங்கியவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்.

லூயிசா பார்தோவும் கபீனோ ரோத்ரீகெஸும் 2003இல் தொடங்கிய குழுவின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘வெயிலில் கிடக்கும் பல்லிகள்’. அவர்களுடைய ‘திஹுவானா’வில் (2016) கபீனோ, சந்தியாகோ ராமிரெஸ் என்ற பெயரில் எல்லை நகரமான திஹுவானாவுக்குப் போய்ச் சுமார் ஆறு மாதம் குறைந்தபட்சக் கூலியில் வாழ்ந்ததாகச் சொல்கிறார். 2016இல் அது நாளைக்கு 73.04 பெசோ. உண்மையில் போனாரா, எவ்வளவு போனார் என்பதை நாடகம் தீர்த்துவைப்பதில்லை. ஏழையின் பெயரை நடிகன் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி அந்தச் சந்தேகத்தில்தான் உயிரோடு இருக்கிறது. மெக்சிகோ மேடைக்கு இது பழைய வழக்கு: ரொதோல்ஃபோ உசிக்லியின் நாடகமொன்றில் ஏழைப் பேராசிரியர் ஒருவர், செத்துப்போன புரட்சித் தளபதியின் பெயரைச் சூடிக்கொண்ட கதை 1947இல் தலைநகரின் நுண்கலை அரண்மனை அரங்கில் ஏறியபோது ஆளுங்கட்சிக்குப் பொறுக்கவில்லை.

‘திஹுவானா’வைச் செய்வோர் கூலித்தொகையை இன்றைக்கு மாற்ற வேண்டாம். 2019 ஜனவரியில் எல்லைப் பகுதிக் கூலி 176.72 பெசோ ஆகிவிட்டது. புது எண்ணைப் போட்டால் வாடகை, சாப்பாடு, பேருந்துக் கணக்கு எதுவும் ஒட்டாது. ரூபாயாக்கவும் வேண்டாம். ரூபாயில் கேட்டதும் பார்வையாளர் நம்மூர் விலைவாசியில் அதைச் செலவழித்துப் பார்ப்பார், பரவாயில்லையே என்று தோன்றும். பெசோவில் கூலி, பெசோவில் ஒரு கிலோ தொர்த்தியா (சோள ரொட்டி), பெசோவில் அறை வாடகை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், கழித்தலை அவரே செய்துகொள்வார்.

அரசியலைப் பாட்டும் பேச்சுமாகக் கேலிசெய்யும் கபரே பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. ஹெசூசா ரோத்ரீகெஸும் லிலியானா ஃபெலிப்பேயும் 1990இல் தலைநகரின் கொயொவாகன் பகுதியில் திறந்து, 2005இல் ‘ரெய்னாஸ் சூலாஸ்’ குழுப் பெண்கள் கைக்கு வந்த அந்தச் சிறு அரங்கின் நகைச்சுவை அன்றைய செய்தியைத் தின்று வளர்வது. போன வாரத்துப் பிரதியே அங்கே பழசு. மொழிபெயர்த்து அடிக்குறிப்போடு செய்தால் ஒருவரும் சிரிக்கமாட்டார்.

கடைசியாகப் பெயர்ப்பட்டியல் வாசிக்கும் நிகழ்ச்சிகளுக்கு ஒரு வார்த்தை. காணாமல்போனோர் பட்டியலை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே வாசிக்காதீர்கள். மெக்சிகோவின் பதிவேட்டில் அந்த எண்ணிக்கை 2022 மே மாதமே ஒரு லட்சத்தைத் தாண்டியது. பட்டியல் தினம் மாறும். சிலர் கிடைத்துவிட்டிருப்பார்கள், சிலருடைய குடும்பம் மிரட்டலுக்குப் பயந்து பெயரை வெளியே சொல்ல விரும்பாமல் இருக்கும். குடும்பங்களின் அமைப்புகளே வெளியிட்ட பெயர்களை மட்டும், வெளியிட்ட தேதியோடு எடுத்து, நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் மறுபடி சரிபார்க்க வேண்டும். தந்தை வழிப் பெயர், தாய் வழிப் பெயர் இரண்டையும் விடாமல் சொல்லுங்கள். ஹுவான் எர்னாந்தெஸ் என்று மட்டும் சொன்னால் அங்கே ஆயிரம் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு சிறு திருத்தமும் உண்டு. ‘அமரில்லோ’ நாடகத்தின் பெயரை ‘மஞ்சள்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஸ்பானிஷில் அந்தச் சொல்லுக்கு மஞ்சள் என்பது பொருள்தான், நாடகத்தில் அந்த நிறமும் மணலாக வந்து விழுகிறது. ஆனால் பெயர் அந்த டெக்சஸ் ஊருடையது. மஞ்சள் என்று மாற்றினால் அவன் எங்கே போகக் கிளம்பினான் என்பதே அழிந்துபோகிறது. அடுத்த முறை ‘அமரில்லோ’ என்றே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நவீன நாடக மேடைப் பணியாளர்கள் சிலர்,
மதுரை